சிந்தாமணி இறங்கிய குழி

சிந்தாமணியைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வீட்டு வாசலில் இருந்த குழியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அரியலூரிலிருந்து செந்துறை போகிற பஸ் நின்று போகும் நெடுங்கரைப்பட்டியில், செக்கடித் தெருவின் மேட்டுக் கோடியில் அவள் வீடு. தண்ணீர் விடுகிற காலையில் அந்தத் தெருவுக்குள் போனால் ஆளைப் பார்க்க முடியாது. தரைக்கு மேலே ஒரு கொண்டை மட்டும் ஆடும். உள்ளேயிருந்து ஒரு கை நிறைகுடத்தை மேலே தூக்கி வைக்கும், வெறுங்குடத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவள்தான் சிந்தாமணி.

ஆசைப்பட்டுத் தோண்டிய குழியில்லை அது. வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்த புதிதில் எல்லார் வாசலிலும் குழாய் இடுப்பு உயரத்துக்கு நின்றது. திருகினால் போதும், குடம் குலுங்க ஊற்றும். கல்யாணமாகி வந்த நாள் முதலாகக் கோயில் கிணற்றில் நீர் சேந்திக் கை காய்த்துப் போயிருந்த சிந்தாமணி, முதல்நாள் அந்தக் குழாய்க்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டினாள். அவள் புருஷன் நடராசன், சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவர், அதைப் பார்த்துச் சிரியோ சிரியென்று சிரித்தார்.

"இரும்புக்கு எதுக்குடி சூடம்?"

"நீங்க கெணத்துல எறச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

பிறகு அடுத்தடுத்த வருஷங்களில் மழை பொய்த்தது. ஊர் ஆழ்துளைப் போரில் தண்ணீர் கீழே போயிற்று. மேல்தொட்டி பாதிதான் நிரம்பியது. தெருவின் பள்ளத்துக் கோடியில், பெரிய பைப் தெருவுக்குள் நுழைகிற இடத்தில், உரக்கடை வைத்திலிங்கத்தின் வீடு. அவர்தான் முதலில் ஆள் வைத்துக் குழாயை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்கினார். அவருக்கு நன்றாக வந்தது, அடுத்த வீட்டுக்கு நின்றுபோனது. அடுத்த வீட்டுக்காரர் தரையோடு தரையாக இறக்கினார். அதற்கடுத்த வீட்டில் முழ ஆழம் பள்ளம் பறித்தார்கள். திருகு இருந்தால் வேகம் குறைகிறது என்று திருகையும் கழற்றிவிட்டு, வெறும் பைப்பின் வாயில் துணியை அடைத்து வைத்தார்கள். இப்படி ஒருத்தர் கீழே போக, அடுத்தவர் அதற்கும் கீழே போக, வைத்திலிங்கமும் மறுபடி தோண்ட, குழிகள் வாசல் வாசலாக மேட்டை நோக்கி ஏறி வந்தன.

சிந்தாமணி ஒரு வருஷம் வீம்பாக இருந்து பார்த்தாள். "மண்ணைத் தோண்டித் தண்ணி குடிக்க நாம என்ன நண்டா?" என்று கேட்டாள். குழாய் வறட்டு இருமல் இருமிவிட்டு ஓயும். பகலெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் பால் பட்டு விரல் நுனி கறுத்துப்போய் வருகிறவளுக்குக் கை கழுவவும் தண்ணீர் இல்லை. கடைசியில் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கடப்பாரை போட்டுத் தோண்டினார்கள். மேட்டு வீடாயிற்றே, எல்லாரையும்விட ஆழமாகத் தோண்ட வேண்டியிருந்தது. இறங்கப் படி வெட்டி, உள்ளே ஒரு பலகைக் கல்லும் போட்டார்கள். முதல்நாள் அதில் தண்ணீர் கொட்டியபோது வந்த சந்தோஷம் வளர்ந்து வளர்ந்து பெருமையாகிவிட்டது. பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து தொட்டி ஆபரேட்டர் சின்னதுரை வந்து, "அக்கா, குழியெல்லாம் மூடச் சொல்லி உத்தரவு. சாக்கடை ஓரம் இருக்கு பாருங்க, ஆகாது" என்றபோது, சிந்தாமணி அதே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"மொதல்ல உரக்கடைக்காரர் வூட்டுல மூடிட்டு வா. பெரிய மனுசன் வாசல்ல பல்லக் காட்டிட்டு, ஏழை வாசல்ல சட்டம் பேசுறியா?"

சின்னதுரை தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். தெருவே அன்றைக்கு அவளைக் கொண்டாடியது.

சிந்தாமணிக்கு ஒரே மகள், சிவரஞ்சனி. சிறுவாச்சூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். காளி கோயில் வாசலில் தேங்காய் பழக் கடை வைத்திருக்கிற குடும்பம். நடை திறக்கிற திங்கள் வெள்ளியில் சம்பந்தியம்மாள் பாக்யலட்சுமிக்கு நிற்க நேரமிருக்காது, மற்ற நாளில் நிதானமான மனுஷி. சிவரஞ்சனிக்கு ஏழாம் மாதம் வளையல் போட்டார்கள். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதுதானே முறை? சிந்தாமணி கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, கார் பிடித்துக்கொண்டு போய் இறங்கினாள். எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில் பாக்யலட்சுமி அவளை ஓரமாக அழைத்தாள்.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. உங்க ஊர்ல காமாலை இருக்குன்னு கோயிலுக்கு வந்தவங்க சொன்னாங்க. தண்ணி சரியில்லையாம். எங்க கொல்லையில தனி போர் இருக்கு. பேறுகாலம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டுமா? நீங்களும் வந்து கூட இருங்க."

இவ்வளவுதான் சொன்னாள். சிந்தாமணிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"எங்க தண்ணியக் குடிச்சுத்தானே இந்தப் பொண்ணு இவ்வளவு லட்சணமா வளந்திருக்கு? காமாலை வந்தது எங்க தெருவுல ஒரே ஒரு ஆளுக்கு. எதிர்வீட்டு தனத்தோட புருசன். அது சாராயத்துல வந்த காமாலைங்க. தண்ணி என்ன பண்ணும்?"

மகளின் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தாள் சிந்தாமணி. அன்றைக்கு அவளுக்கிருந்த மிடுக்கு கொஞ்சநஞ்சமில்லை.

சாராயத்துக் காமாலை என்று அவள் சொன்னது பொய்யில்லை, அவளுக்குத் தெரிந்தது அதுதான். தனத்தின் புருஷன் செல்லப்பன் குடிப்பவன்தான். கீழாநெல்லி அரைத்துக் குடித்து, எண்ணெயைத் தள்ளி வைத்து, எழுந்து நடமாடவும் தொடங்கியிருந்தான். குழாய்த் தண்ணீரில் சின்னதுரை போடுகிற ப்ளீச்சிங் பவுடர் வாசம் மூக்கில் அடிக்கிறது, வெள்ளைத் துணி கட்டித்தான் பிடிக்கிறோம், முதல் குடத்தைக் கீழே கொட்டிவிடுகிறோம், அப்புறம் என்ன? இதுதான் அவள் நியாயம்.

அந்த ஐப்பசியில், காத்திருந்து காத்திருந்து, மழை கொட்டியது. சாக்கடை நிரம்பித் தெருவில் ஓடியது. வாசல் குழிகளெல்லாம் கலங்கல் தண்ணீரால் நிறைந்தன. சிந்தாமணி வாளியால் இறைத்துக் கொட்டுவாள். மறுபடி ஊறும். சில நாள் அவள் இறைக்காமலேயே குழி வற்றியிருக்கும். "நம்ம குழிக்கு நல்ல மண்ணு. தானா உறிஞ்சிக்கிது" என்று மகளிடம் பெருமையாகச் சொன்னாள். மகள் குளிக்க, குடிக்க, சமைக்க எல்லாம் அந்தக் குழியிலிருந்து சுமந்து வந்த தண்ணீர்தான்.

ஒரு மாதம் போயிருக்கும். சிவரஞ்சனிக்குச் சோறு பிடிக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு வருகிற குமட்டல்தானே என்று விட்டார்கள். பிறகு காய்ச்சல் வந்தது. ஒருநாள் காலையில் தலைவாரிக்கொண்டிருந்த மகளின் முகத்தைச் சிந்தாமணி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கண்ணின் வெள்ளையெல்லாம் மஞ்சள்.

கீழாநெல்லி பறிக்கப் போன நடராசனைத் தடுத்து, பஸ் ஏற்றி அரியலூருக்குக் கொண்டுபோனாள். அங்கே பார்த்துவிட்டுத் திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். வார்டில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன தண்ணிம்மா குடிக்கிறீங்க?"

"குழாத் தண்ணிதாங்க. பவுடர் போட்டது."

"காய்ச்சிக் கொடுத்தீங்களா?"

இல்லையென்று தலையாட்டினாள் சிந்தாமணி.

"மத்தவங்களுக்கு வந்தா படுத்து எழுந்திடுவாங்க. மாசமா இருக்கையில இது வந்தா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. எங்களால முடிஞ்சதைச் செய்யிறோம்."

பாக்யலட்சுமி ஓடிவந்தாள். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. மருமகளின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு வசை வைதிருந்தால் சிந்தாமணிக்குத் தாங்கியிருக்கும். அந்த மௌனம்தான் தாங்கவில்லை. மாற்றுத்துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நல்ல பகல். அன்றைக்குக் காலையில் தண்ணீர் விட்டு நிறுத்தியாகிவிட்டது. விடிய விடிய மழை பெய்திருந்ததால் குழியில் கலங்கல் நிறைந்து பைப்பின் வாய் முழுகிக் கிடந்தது. துணி எடுக்க வந்தவள், பழக்கதோஷத்தில் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. தண்ணீரின் மேலே மிதந்த வேப்பஞ்சருகு ஒன்று ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. காற்று இல்லை. கையை உள்ளே விட்டுத் துழாவினாள். பைப் வாயில் அவள் கட்டிவைத்த வெள்ளைத் துணி வெளியே தொங்கவில்லை. உள்ளே போயிருந்தது. உள்ளங்கையை வைத்தாள். கைக்குழந்தை முலையைக் கவ்வுவது போல அந்த இரும்பு வாய் அவள் கையைக் கவ்வி இழுத்தது.

மண் உறிஞ்சவில்லை. குழாய் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

சிந்தாமணி நனைந்த சேலையோடு மேலே ஏறி, பள்ளத்துக் கோடிக்கு ஓடினாள். வைத்திலிங்கத்தின் குழியில் துணியைப் பிடுங்கிவிட்டு, மிச்சம் மீதி வருகிற தண்ணீரைப் பாத்திரம் விளக்கப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திரி போல, பழுப்பு நிறத்தில் வழிந்துகொண்டிருந்தது. மேட்டில் அவள் குழி குடித்த சாக்கடை, தெருவின் அடிவயிறு வழியாக இறங்கி இங்கே ஒழுகுகிறது. குழாயில் தங்கியது மறுநாள் நல்ல தண்ணீரோடு கலந்து எல்லார் குடத்துக்கும் போகிறது. அவள் வீட்டுக்கும்தான்.

சின்னதுரை தொட்டியடியில் இருந்தான். அவனிடம் போய் நின்றாள்.

"உண்மையச் சொல்லு தம்பி. தண்ணிய நிறுத்தினா பைப்பு வெளித்தண்ணிய இழுக்குமா?"

"இழுக்கும்க்கா. மேலேருந்து தண்ணி பள்ளத்துக்கு வடியுதில்ல, அந்த எடத்துக்கு எதையாச்சும் இழுக்கத்தானே செய்யும்? குழாய் மேல இருந்தா காத்த இழுக்கும். குழிக்குள்ள முழுகிக் கெடந்தா குழியில உள்ளத இழுக்கும். தொட்டியிலேருந்து நான் நல்லதத்தான் அனுப்புறேன். எனக்கும் ஆபீஸ்ல சொன்னதுதான் தெரியும். சொல்ல வந்தேன், நீங்க கடப்பாரையத் தூக்கினீங்க."

அவள் திரும்பி வந்து முதல் வேலையாகக் குழியை மூடினாள். நடராசன் மண்ணைத் தள்ளிக்கொண்டே புலம்பினார்.

"மூடிட்டா தண்ணிக்கு எங்கடி போறது?"

"பள்ளிக்கூடத்து அடிபம்பு."

"அது உப்புத் தண்ணி. வாயில வெக்க முடியாது."

"உப்பு ஆளக் கொல்லாது. நீங்க தள்ளுங்க."

சின்னதுரை வந்து குழாயை மறுபடி இடுப்பு உயரத்துக்கு ஏற்றித் திருகு போட்டான். திருகினால் காற்றுக்கூட வரவில்லை. கீழே அத்தனை குழி வாய் பிளந்து கிடக்கையில் மேட்டுக்கு எப்படி ஏறும்? அவள் ஒருத்தி மூடினது அவளுக்கே தண்டனையாகப் போயிற்று. அவளுடைய குழி நின்றாலும் மற்றக் குழிகள் சாக்கடையை இழுத்துக்கொண்டுதான் இருந்தன. வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். "மேல உள்ளவங்க மூடட்டும்" என்றார்கள் கீழே. "கீழ உள்ளவங்க மூடட்டும்" என்றார்கள் மேலே. சிலர் மகளை விசாரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் மகளுக்குத் துணையாகப் பாக்யலட்சுமி இருக்கிற தைரியத்தில், மறுநாள் தண்ணீர் விடுகிற நேரம் சிந்தாமணி நேரே போய் வைத்திலிங்கத்தின் குழிக்குள் இறங்கி, பைப்பைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வந்தது, அவள் இடுப்பளவுக்கு நிறைந்தது, அசையவில்லை. வைத்திலிங்கம் பல் குச்சியோடு ஓடிவந்தார்.

"ஏ சிந்தாமணி, என்ன கூத்து இது? ஏறு மேல. பொம்பளைப் புள்ளைங்க குடத்தோட நிக்குது."

"ஏற மாட்டேண்ணே. நான் உக்காந்திருக்கிற தண்ணி வேணும்னா மொண்டுக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

"நீ குளிச்ச தண்ணிய யாரு குடிப்பா?"

"ஏன், இத்தன நாளா நான் வழிச்சுவுட்ட சாக்கடையக் குடிச்சீங்களே, அது மட்டும் பன்னீரா? நீங்க இங்க இழுக்குறீங்க, நான் அங்க குடுக்குறேன். நடுவுல எல்லாரும் குடிக்கிறோம்."

கூட்டம் கூடிவிட்டது. சிலர் சிரித்தார்கள். "சொந்தக் குழிய மூடினதுல கைகாலு சும்மா இருக்க மாட்டேங்குது போல" என்று ஒரு குரல். தனம் குடத்தை இடுப்பில் வைத்தபடி முன்னால் வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"என் வூட்டுக்காரருக்கு வந்தப்ப சாராயத்துக் காமாலைன்னு ஊர் ஊராச் சொன்ன. உன் சம்பந்தி வூட்டு வரைக்கும் போயிச் சொன்ன. எனக்கு எல்லாம் காதுல வுழுந்துச்சு. உன் பொண்ணு என்னாத்தக் குடிச்சிச்சு சிந்தாமணி?"

சிந்தாமணி தண்ணீரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் எழவில்லை. தொட்டித் தண்ணீர் நிற்கிறவரை அப்படியே இருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. விறைத்துப்போன காலை நடராசன் பிடித்துத் தூக்கித்தான் மேலே ஏற்ற வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து வைத்திலிங்கம் தன் குழியில் ஒரு வண்டி கிராவல் மண் கொட்டினார். மனசு மாறினாரா, தினம் அவள் வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று பயந்தாரா, அவருக்குத்தான் தெரியும். அவர் மூடியதைப் பார்த்து இன்னும் பலர் மூடினார்கள். சிந்தாமணியின் குழாயில் முதல்முறையாக நூல் மாதிரி தண்ணீர் எட்டிப் பார்த்தது. ஆனால் தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் மூடவே மாட்டோம் என்று நின்றார்கள். அதில் முதல் வீடு தனத்தின் வீடு.

திருச்சியில் சிவரஞ்சனிக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. கோழிக்குஞ்சு மாதிரி. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், தாயைத் தனியாக வைத்திருந்தார்கள். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இழுத்துக்கொண்டிருந்த உயிர்கள் இரண்டும் ஒருவழியாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. வீட்டுக்கு அனுப்பினபோது, பஸ்ஸில் பக்கம் என்று சிறுவாச்சூருக்கே அழைத்துப் போனார்கள். சிந்தாமணி மறுப்புச் சொல்லவில்லை.

குழந்தைக்குக் கொஞ்சம் சதை பிடித்த பிறகு ஒருநாள் அவள் சிறுவாச்சூர் போயிருந்தாள். கோயில் நடை சாத்தியிருந்த நாள், கடையில் கூட்டமில்லை. பாக்யலட்சுமி காப்பி கொடுத்துவிட்டு, பெரிய மனசோடு தானே பேச்சை எடுத்தாள்.

"சம்பந்தி, புள்ளைக்கு இப்ப தேவலை. பொண்ணும் அம்மா அம்மான்னு ஏங்குது. மொறைன்னு ஒண்ணு இருக்கில்ல? கூட்டிக்கிட்டுப் போயி ரெண்டு மாசம் வெச்சிருந்து அனுப்புங்க. தண்ணியக் காய்ச்சிக் குடுத்தாப் போதும்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

சிவரஞ்சனி அதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். துணிமணியெல்லாம் முன்பே மடித்து வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் சிந்தாமணிக்குத் தெரிந்தது.

"இல்லீங்க சம்பந்தி. இப்ப வேணாம்."

"ஏம்மா?" என்றாள் மகள்.

"நாலு குழி இன்னும் தொறந்து கெடக்குதுடி."

"அதான் காய்ச்சிக் குடிக்கலாங்கிறாங்களே."

"குடிக்கிறதக் காய்ச்சலாம். புள்ளையக் குளிப்பாட்டுறது? பால் புட்டிய கழுவுறது? நீ வாய் கொப்புளிக்கிறது? ஒரு கை அசந்தாப் போச்சு. ஒருதடவ அசந்துட்டேன்."

"எல்லாப் பொண்ணுங்களும் புள்ள பெத்தா அம்மா வூட்டுல இருக்காங்க. எனக்கு மட்டும் தெருவுல எத்தன குழின்னு எண்ணிப் பாத்துத்தான் வரணுமா? உனக்கு என்னைய வெச்சிக்க மனசில்ல, அத நேராச் சொல்லு."

"ஆமாண்டி. எண்ணிப் பாத்துத்தான்."

சிவரஞ்சனி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் அழுகிற சத்தம் கேட்டது. சிந்தாமணி தூளியில் கிடந்த குழந்தையின் காலை ஒரு விரலால் தொட்டாள். கொட்டைப்பால் பட்ட கறுத்த விரல். தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டாள். உள்ளே போய் மகளைச் சமாதானம் செய்ய எழுந்தவள், வாசல் பக்கமாகத் திரும்பி நடந்துவிட்டாள். உள்ளே போனால் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று அவளுக்கே தெரியும்.

பாக்யலட்சுமி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே வந்தாள். ரோட்டில் லாரிகள் இரைந்து போய்க்கொண்டிருந்தன.

"எப்பத்தான் மூடுவாங்க?" என்று கேட்டாள்.

"மூணு வூட்டுக்காரங்க ஒருத்தரப் பாத்து ஒருத்தர் நிக்கிறாங்க. எல்லாரும் பாக்குறது எதிர்வீட்டு தனத்தத்தான். அவ மூடினா மத்தவங்களும் மூடிடுவாங்க." சிந்தாமணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அவ புருசனப் பத்தி உங்ககிட்ட நான் ஒரு வார்த்த சொன்னேனே, ஞாபகமிருக்கா?"

"இருக்கு."

"அவனுக்குக் காமாலை வந்தது என் குழியாலதான் இருக்கும். அத அவ மூஞ்சியப் பாத்து நான் சொல்லணும். சொல்லாம அவ மூட மாட்டா. ரெண்டு தடவ அவ வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன் சம்பந்தி. சாக்கடைக்குள்ள இறங்கி உக்காரத் தெரிஞ்சிச்சு, இதுக்கு வாய் வரமாட்டேங்குது."

பெரம்பலூர் பஸ் வந்து நின்றது. "நாளைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள். ஏறியவள் படியிலேயே நின்று, திரும்பி, "நாளைக்கு வேணாம், இன்னைக்கே போறேன். வூட்டுக்குள்ள நொழையறதுக்கு முன்னாடியே போயிடுறேன்" என்றாள். கண்டக்டர் உள்ளே போகச் சொல்லி அதட்டினார்.